ஊதா முத்திரை தேடி: சென்னையில் பழைய சதுரங்க செட் வேட்டை

வெள்ளி, பல்லாவரம்

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தவன் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிவிட்டேன். அங்கிருந்து மின்சார ரயில். சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். வெயில் ஏறுவதற்குள் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

தேடி வந்தது சோவியத் காலத்து மரச் சதுரங்க செட்கள். தமிழ்நாட்டு வீடுகளில் இவை எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே இருக்கின்றன. பரணில், பழைய பீரோவின் அடித்தட்டில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். வீட்டைக் காலி செய்யும்போது டார்ச், ரேடியோ, உடைந்த பொம்மை இவற்றோடு மூட்டையாகச் சந்தைக்கு வந்துவிடும். அதனால் "செஸ் செட் இருக்கா?" என்று கேட்டுப் பயனில்லை. பொம்மைக் குவியலை நாமேதான் கிளற வேண்டும்.

பழைய டிரங்க் ரோட்டில் செடி, புறா, துருப்பிடித்த ஸ்பேனர், மிக்ஸி மோட்டார், ஓடாத சுவர்க் கடிகாரம் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. முதலில் கிடைத்தவை காந்தம் வைத்த பிளாஸ்டிக் செட்கள். ரயில் பயணத்துக்கு நல்லவை, எனக்கு வேண்டாம். அப்புறம் ஒரு தார்ப்பாய் விரிப்பில், பழைய போன் சார்ஜர்களுக்கு அடியில், மடக்கும் பெட்டி ஒன்று. வெளிப்புறம் அறுபத்து நான்கு கட்டங்கள், ஓரத்தில் எழுத்தும் எண்ணும் அச்சிட்டது. காய்களை உள்ளே போட்டுக் கொக்கி மாட்டும் வகை. திறந்து, காய்களைப் பார்க்காமல், முதலில் உட்புறப் பலகையைத்தான் பார்த்தேன். ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப் முத்திரை. பாதி அழிந்திருந்தாலும் விலை தெரிந்தது: 4 ரூபிள் 50 கோபெக்.

சோவியத் பொருள்களில் விலையைத் தொழிற்சாலையிலேயே குத்திவிடுவார்கள். நாடு முழுக்க அரசு நிர்ணயித்த விலை. 1961 ஜனவரி 1-ஆம் தேதி பழைய பத்து ரூபிளைப் புதிய ஒரு ரூபிள் ஆக்கினார்கள். எனவே சாதாரண மரச் செட்டில் 30, 40 ரூபிள் என்று இருந்தால் அது பெரும்பாலும் 1961-க்கு முந்தியது. ஒற்றை இலக்க ரூபிளும் கோபெக்குமாக இருந்தால் அதற்குப் பிந்தியது. விலையை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, ஆனால் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. இன்னொரு அடையாளம், ஐங்கோண வடிவிலான அரசுத் தர முத்திரை. அது 1967-இல் வந்தது. அது இருந்தால் செட் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இந்தப் பெட்டியில் அது இல்லை.

அடுத்து காய்கள். முப்பத்திரண்டும் இருந்தன, ஆனால் ஒரே குடும்பம் இல்லை. கறுப்புக் காய்கள் முழுக்க சோவியத். ராஜாவின் தலையில் சிலுவை கிடையாது, பதிலுக்கு வெளிர் நிறத்தில் சின்ன மொட்டு. கறுப்புக் காய்க்கு வெள்ளை மொட்டு, வெள்ளைக் காய்க்குக் கறுப்பு மொட்டு என்று எதிர் நிறத்தில் வைப்பது பல சோவியத் செட்களில் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தாலும் பிஷப்பையும் சிப்பாயையும் குழப்பிக்கொள்ள முடியாது. வெள்ளையில் இரண்டு யானைகளும் மூன்று சிப்பாய்களும் வேறு கை கடைந்தவை. அடிப்பாகம் அகலம், வார்னிஷ் மஞ்சள் கூடுதல், கடைசல் உளியின் கோடுகள் அப்படியே இருக்கின்றன. சோவியத் காய்கள் பெரும்பாலும் பிர்ச் மரம், கையில் எடுத்தால் இலேசாக இருக்கும். இவை கனமான ஏதோ உள்ளூர் மரம். தொலைந்துபோன காய்களுக்குப் பதிலாக யாரோ இங்கே ஒரு கடைசல்காரரிடம் கொடுத்துச் செய்திருக்கிறார்கள்.

பொதுவாகச் சேகரிப்பாளர்கள் இப்படிக் கலந்த செட்டை ஒதுக்கிவிடுவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். காய் தொலைந்ததும் செட்டையே தூக்கிப் போடாமல் மாற்றுக் காய் செய்துவைத்த வீட்டில், அந்த ஆட்டம் நிஜமாக ஆடப்பட்டிருக்கிறது. அந்த ஐந்து காய்களையும் கழற்றிவிட்டு வெளிநாட்டிலிருந்து ஒரிஜினல் வரவழைத்து நிரப்பினால், செட் முழுமையாகும், ஆனால் அதற்கு இந்த ஊரோடு இருந்த தொடர்பு போய்விடும்.

"ஆயிரத்து இருநூறு சார். ரஷ்யா மால்" என்றார் கடைக்காரர். அவருக்கும் தெரிந்திருக்கிறது!

"ரஷ்யா மால்தான் அண்ணே, ஆனா அஞ்சு காய் நம்ம ஊரு மால்."

அவரும் எடுத்துப் பார்த்தார். மாற்றி மாற்றிக் கையில் வைத்து எடை பார்த்தார். எழுநூறுக்குக் கொடுத்தார்.

சனி, ஆழ்வார்பேட்டை

திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டேன். கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்யக் கலாச்சார மையத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். சென்னையில் செஸ் பற்றிப் பேசினால் இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. 1972-இல் சோவியத் கலாச்சார மையத்தில், முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் பெயரில் சதுரங்க கிளப் தொடங்கியவர் மானுவல் ஆரன். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1961-இல் அந்தப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் லாயோஷ் போர்ட்டிஷ், வுல்ஃப்காங் ஊல்மான் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்களை வீழ்த்தினார். அம்மாவிடம் ஆட்டம் கற்ற சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் வந்து ஆடியதும் அந்த கிளப்பில்தான். 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், எழுபதுகளில் அந்த கிளப்பில் ஆடிய பெரியவர் ஒருவரின் வீடு. நண்பர் மூலமாக முன்பே பேசியிருந்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"உக்காருங்க தம்பி. காபி குடிச்சிட்டே பாக்கலாம்" என்று சொல்லி, துணிப் பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய அக்கா வீட்டுக்காரர் நெய்வேலியில் வேலை பார்த்தவர். அனல்மின் நிலையம் கட்ட வந்திருந்த சோவியத் பொறியாளர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். அத்தானுக்கு ஆட்டத்தில் நாட்டமில்லை. அதனால் இவரிடம் வந்திருக்கிறது.

எனக்கு இது பெரிய செய்தி. சோவியத் செட்கள் இங்கே எப்படி வந்தன என்ற கேள்விக்குப் புத்தகக் கண்காட்சி, மாஸ்கோவில் படித்த மாணவர்கள் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். நெய்வேலியை நான் யோசித்ததே இல்லை. முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டு, 1962-இல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. சென்னையிலேயே அறுவைச் சிகிச்சைக் கருவிகள் தொழிற்சாலை சோவியத் உதவியோடு வந்தது. இந்த ஊர்களில் குடும்பத்தோடு வந்து தங்கிய ரஷ்யர்கள் சாயங்காலங்களில் என்ன செய்திருப்பார்கள்? பெட்டியில் செஸ் இல்லாமல் வந்திருக்கவே மாட்டார்கள்.

"இது அறுபத்தஞ்சு வாக்குல செஞ்சதா இருக்கும்னு நெனச்சிட்டு இருக்கேன்" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். இங்கே முத்திரை இல்லை, ஒட்டிய தாள். பழுப்பேறி, ஒரு ஓரம் பூச்சி அரித்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது முதல் சொல்லே கிடைத்துவிட்டது: 'ஆர்ட்டெல்'. தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுப் பட்டறையைத்தான் சோவியத் நாட்டில் அப்படிச் சொல்வார்கள். மரச் செட்களில் பெரும்பங்கு ஒரு காலம்வரை இந்தப் பட்டறைகளில்தான் உருவானது. 1960-இல் குருஷேவ் ஆட்சியில் ஆர்ட்டெல்களையெல்லாம் கலைத்து அரசுத் தொழிற்சாலைகளாக மாற்றிவிட்டார்கள். ஆக, ஆர்ட்டெல் என்று தாள் ஒட்டிய செட் 1960-க்குப் பிறகு உருவாகியிருக்க வாய்ப்பில்லை. விலையும் ஒத்துப்போனது: 38 ரூபிள், கோபெக் இல்லை. பழைய ரூபிள்.

"அப்போ அந்த ரஷ்யாக்காரர் புதுசா வாங்கிட்டு வரலையா?"

"இல்லைங்கய்யா. அவர் வீட்டுல ஏற்கெனவே ஆடிட்டு இருந்த செட்டா இருக்கணும்."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வெள்ளை ராணியை எடுத்து அடிப்பாகத்தைக் காட்டினார். தாள் ஒட்டியிருந்த இடத்தில் வட்டமாகத் தேய்ந்து மரம் பளபளத்தது. "நான் தேச்சது பாதிதான் போல இருக்கு" என்றார்.

இங்கே ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். பேரன் கேட்கிறான் என்று செட்டை உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கக் கொடுக்கப் போவதாக இருந்தார். தயவுசெய்து வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். பழைய லாக்கர் பூச்சு எங்கே உதிர்ந்திருக்கிறது, எந்தக் காய் அதிகம் தேய்ந்திருக்கிறது, அடியில் ஒட்டியிருப்பது தாளா, துணியா, கம்பளியா என்பதெல்லாம்தான் செட்டின் சான்றிதழ். வார்னிஷ் அடித்த அடுத்த நிமிடம் அது வயது தெரியாத பொருள். மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பது போதும். அந்தத் தாளின் மேல் எதையும் தடவக் கூடாது, டேப் ஒட்டவே கூடாது. பேரனுக்கு வேண்டுமானால் புது செட் நான் வாங்கித் தருகிறேன் என்றேன். சிரித்துவிட்டு, "ஒரு ஆட்டம் போடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

ஆடினோம். இலேசான காய்கள், வேகமாக நகர்த்த வசதி. ஆனால் மின்விசிறியைக் குறைத்து வைக்க வேண்டியிருந்தது. அவருக்கு எண்பதைத் தொடுகிற வயது. சிசிலியன் தற்காப்பு என்ற தொடக்க முறையில் கை இன்னும் தடுமாறவில்லை. செட்டை விலைக்குக் கேட்கவில்லை, கேட்கிற இடமும் இல்லை. தாளையும் அடிப்பாகங்களையும் படம் எடுக்க அனுமதித்தார். வார்னிஷ் யோசனையைக் கைவிட்டுவிட்டதாக வாசல்வரை வந்து சொன்னார்.

ஞாயிறு, அல்லிக்குளம்

சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையம் இருக்கிற இடத்தில்தான் மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே 30-ஆம் தேதி எரிந்துபோனது. பக்கத்திலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்குப் பழைய புத்தகக் கடைகள் இடம்பெயர்ந்தன. செட் கிடைக்கும் என்று இங்கே வரவில்லை, படங்களுக்காக வந்தேன்.

பழைய செட்டை அடையாளம் காண, பழைய போட்டிப் புகைப்படங்களைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஆட்டக்காரர்களின் முகத்துக்காக எடுத்த படம்தான், ஆனால் முன்னால் மேசையில் காய்கள் நிற்கும். எந்தக் குதிரை எந்த ஆண்டுப் போட்டியில் நின்றது என்று அதிலிருந்து கணக்கிடலாம். சேகரிப்பாளர்கள் 'போத்வின்னிக்-ஃப்ளோர்' என்று சொல்லும் செட் வகைக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான். போத்வின்னிக், ஃப்ளோர் என்ற இரண்டு ஆட்டக்காரர்களும் 1933-இல் மோதி 6-6 என்று சமன் செய்தார்கள், 1935 மாஸ்கோ போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் காலப் படங்களில் தெரிகிற செட் என்பதால் அந்தப் பெயர். 'தால்' செட், 'மோர்டோவியன்' செட் என்பவையும் சேகரிப்பாளர்கள் பிற்பாடு சூட்டிக்கொண்டவைதான். தொழிற்சாலைப் பெட்டியில் அந்தப் பெயர்களைத் தேடினால் கிடைக்காது. அதில் இருப்பது 'ஷாக்மதி', அதாவது சதுரங்கம், அப்புறம் பட்டறை, ஊர், விலை, அவ்வளவே. ஆகவே யாராவது "இது தால் செட்" என்று அதிக விலை சொன்னால், பெயரை விட்டுவிட்டுத் தாளைக் கேளுங்கள்.

இரண்டு கடைகளில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் நெடுநேரம் தூசி தட்டி, பழைய சோவியத் செஸ் இதழ்களின் கட்டு ஒன்று கிடைத்தது, கிலோக் கணக்கில் விலை. ரஷ்ய மொழி எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும், படங்களுக்கு அதுவும் தேவையில்லை. ஐம்பதுகளின் ஒரு படத்தில் மேசை ஓரத்தில் நிற்கும் குதிரையின் தாடையும் பிடரியும் பெரியவர் வீட்டுக் குதிரையோடு ஒத்துப்போகின்றன என்றே நினைக்கிறேன். இரவு லென்ஸ் வைத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மாலை பஸ்ஸில் நேப்பியர் பாலத்தைக் கடந்தேன். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இந்தப் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரைந்திருந்தார்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'தான் சின்னம். அந்தப் போட்டியின் நினைவுப் பொருள்கள் உங்களிடம் இருந்தால், அட்டைப் பெட்டியோடு, ரசீதோடு வைத்திருங்கள். பெட்டி இல்லாத பொருளுக்கு வயது சொல்ல நாளைக்கு ஒருவன் படாதபாடு படுவான்.

திங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை

சாலையோரம் ஒரு பழம்பொருள் கடை. "இங்கிலாந்து ஜேக்ஸ் கம்பெனி செட், நூற்றைம்பது வருஷம்" என்று போனில் சொல்லியிருந்தார்கள். ஜேக்ஸ் என் துறை இல்லை. இருந்தாலும் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுப் பார்க்காமல் ஊர் திரும்ப மனம் வரவில்லை. இன்று உலகம் முழுக்கப் போட்டிகளில் ஆடுகிற ஸ்டான்டன் வடிவத்தின் தொடக்கமே அங்கேதான். 1849 மார்ச் 1-ஆம் தேதி நத்தேனியல் குக் பெயரில் வடிவத்தைப் பதிவு செய்து, அதே ஆண்டு ஜான் ஜேக்ஸ் லண்டனில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்றைய பெரும் ஆட்டக்காரர் ஹோவர்டு ஸ்டான்டன் தன் பெயரைக் கொடுத்தார்.

கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார் கடைக்காரர். அழகான செட், அதில் சந்தேகமில்லை. வெள்ளை ராஜாவின் அடி விளிம்பில் 'ஜேக்ஸ் லண்டன்' என்ற எழுத்துப் பதிவும் இருந்தது. ராஜா பக்கத்துக் குதிரைக்கும் யானைக்கும் சின்னக் கிரீட முத்திரை குத்துவதும் ஜேக்ஸ் வழக்கம், அதுவும் இருந்தது. ஆனால் முத்திரை குத்த யாராலும் முடியும். மரத்தை ஏமாற்றுவதுதான் கஷ்டம்.

பையிலிருந்து வெர்னியர் காலிபரை எடுத்தேன். மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எனவே வட்டமாகக் கடைந்த காயின் அடி, பல பத்தாண்டுகளில் இலேசாக முட்டை வடிவம் ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, காலிபர் காட்டிக்கொடுக்கும். நன்றாக உலர்ந்த மரத்தில் செய்தது என்றால் ஒன்றிரண்டு காய்கள் வட்டமாகவே இருக்கலாம். இந்த செட்டில் நான் அளந்த அத்தனை காயும் குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே அளவு. அடியில் ஒட்டிய பச்சைத் துணியில் தேய்மானமே இல்லை. மஞ்சள் கறை குழிகளில் மட்டும் தேங்கி, கைபடும் மேடுகளில் ஏறாமல் இருந்தது. காலத்தால் வந்த நிறமாக இருந்தால் இப்படிக் குழிகளில் மட்டும் நிற்காது.

"அண்ணே, இது அமிர்தசரஸ் வேலை" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. வேறொருவரிடம் நம்பி வாங்கியது என்றார். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். உலகச் சந்தையில் ஜேக்ஸ், துப்ரோவ்னிக், ரெய்க்யாவிக் என்று பழைய வடிவங்களை மறுபடி செதுக்கித் தருபவர்களில் பெரும்பாலோர் அமிர்தசரஸ் கைவினைஞர்கள். ஒரு குதிரைத் தலையைச் செதுக்க எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்பதற்கு அந்த அலமாரியே சாட்சி. அவர்களுடைய பெயரில், அவர்களுக்குரிய விலையில் விற்றால் அது மரியாதையான சரக்கு. லண்டன் முத்திரையைக் குத்தி, வயதைக் கூட்டி விற்கும்போதுதான் அவர்களுக்கும் அநியாயம், வாங்குபவருக்கும் அநியாயம். விலைச் சீட்டை மாற்றி எழுதிவிடுகிறேன் என்றார். என் முன்னாலேயே எழுதினார்.

கிளம்பும்போது உள்ளறையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி. வெள்ளையும் சிவப்பும் சாயமிட்ட காய்கள். "யானைத் தந்தம் சார்." லென்ஸில் பார்த்தேன். தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வலைபோன்ற கோடுகள் தெரியும். எலும்பில் மெல்லிய கருந்துளைகள், சிறு கீற்றுகள் தெரியும். இதில் இருந்தவை துளைகள், ஆக எலும்புதான். தந்தமாகவே இருந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986 திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தையும், 1991 திருத்தம் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்த வியாபாரத்தையும் தடை செய்துவிட்டன. எத்தனை வருஷம் பழையது என்றாலும் சரி. இதைத் தந்தம் என்று சொல்லி விற்பனைக்கு வைக்காதீர்கள், விசாரித்து வருகிற இன்னொருவர் என்னைப் போல லென்ஸ் கொண்டு வரமாட்டார் என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஆழ்வார்பேட்டைப் பெரியவரிடமிருந்து போன். அத்தானோடு வேலை பார்த்த ஒருவரின் குடும்பம் இன்னும் நெய்வேலி டவுன்ஷிப்பில்தான் இருக்கிறதாம். அவர்களிடமும் இதேபோல ஒரு மடக்குப் பெட்டி இருப்பதாக ஞாபகம், போய்ப் பாருங்கள், நான் சொல்லி வைத்துவிட்டேன் என்றார். திருநெல்வேலி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். கிளாம்பாக்கத்திலிருந்து நெய்வேலிக்கு இரவு பஸ் இருக்கிறது, அதில்தான் போகிறேன். அந்தப் பெட்டியிலும் ஆர்ட்டெல் தாள் ஒட்டியிருந்தால், அதே பட்டறையா என்று முதலில் பார்க்க வேண்டும்.